வெற்றுத் தாளைச் சுற்றி ஒரு வட்டம்

முத்துக்குமாருக்கு நான் செய்தது துரோகம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் பெயர். அந்த வாய் எந்த இடத்தில் திறந்திருக்க வேண்டுமோ அந்த ஒரே இடத்தில் மட்டும் மூடிக்கொண்டது. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அது 1998. டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் கல்லூரி. எம்.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டில் நாங்கள் பதினெட்டுப் பேர், அதில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் முத்துக்குமாரும் மட்டும். நான் சால்ட் லேக் அரசாங்கக் குடியிருப்பிலிருந்து ஆட்டோ, பஸ், மெட்ரோ என்று மூன்று மாறி வருவேன். என் அப்பா சேஷாத்ரி மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரி, மாற்றலில் கல்கத்தா வந்தவர். முத்துக்குமார் வருவது சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து. அவன் அப்பா மாணிக்கம் அங்கே யார்டில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிகளைத் தடம் மாற்றிவிடும் வேலை. முத்துக்குமார் பிறந்ததே அங்கேதான் என்பதால் தமிழைவிட வங்காளம் அவன் வாயில் சரளமாக வரும். என்னோடு பேசும்போது மட்டும் வீட்டுத் தமிழை எடுப்பான். அதிலும் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவான். "ஏன் முத்து, நான் என்ன உனக்கு அத்தையா?" என்று கேட்டால் சிரிப்பான். அடுத்த வாக்கியத்தில் மறுபடி 'நீங்க' வந்துவிடும்.

எங்கள் ஆசிரியர் சான்யால் சார் வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடிக்கொரு புராஜெக்ட் கொடுத்தார். எங்கள் இருவரையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, "தமிழ் பார்ட்டி" என்று பெயரும் வைத்தார். ஐந்து மாதம் பாடுபட்டு ஆறு புதிய சேர்மங்களைச் செய்தோம். ஆறும் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் பொடிகள், சிறிய கண்ணாடிக் குப்பிகளில். இந்தப் பொடிகள் கிருமியைக் கொல்லுமா என்று பார்ப்பதுதான் கடைசிப் பகுதி.

அதற்கு நடுவில் சார் ஒரு செய்தி சொன்னார். நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவருடைய நண்பரின் கீழே உதவியாளர் இடம் ஒன்று காலியாகிறது. போனால் அப்படியே பிஎச்.டி. செய்யலாம். வகுப்பிலிருந்து ஒரே ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார். சோதனைக்கூடத்தில் யாருக்குக் கை சுத்தமாக இருக்கிறதோ அவருக்கு.

அன்று மாலை மெட்ரோ நிலையம் வரை முத்துக்குமாரும் நானும் சேர்ந்து நடந்தோம். டிக்கெட் கவுண்டரில் நின்றபோது சொன்னான். "எனக்கு அது கெடைச்சா எங்கப்பா யார்டுல எல்லாருக்கும் சொந்தேஷ் மிட்டாய் வாங்கிக் குடுப்பாரு. சொல்லி வெச்சிட்டாரு இப்பவே."

எனக்கு அந்த இடம் தேவையே இல்லை. அப்பாவுக்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றல் வரும், வீட்டில் ஜாதகப் பரிமாற்றமும் ஆரம்பித்திருந்தது. அந்தக் கடிதம் எனக்குக் கோப்பில் வைக்க இன்னொரு காகிதம், அவ்வளவுதான். ஆனால் போட்டி என்று ஒன்று வந்துவிட்டால் எனக்குக் கண் மண் தெரியாது. கேரம் விளையாட்டில்கூடத் தோற்றால் சாப்பிடமாட்டேன். அப்படி ஒரு பிறவி.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கண்ணாடித் தட்டில் அகர் ஊற்றி உறையவிட வேண்டும், பார்க்க இளகிய ஜெல்லி மாதிரி இருக்கும். அதன்மேல் பஞ்சுக் குச்சியால் கிருமியைச் சீராகத் தடவ வேண்டும். வடிதாளை அலுவலகத்தில் காகிதத்துக்கு ஓட்டை போடும் மெஷினால் குத்தி எடுத்தால் பொட்டு அளவில் வட்டத் துண்டுகள் கிடைக்கும். அவற்றை பிரஷர் குக்கரில் வேகவைத்துச் சுத்தம் செய்து, நம் சேர்மத்தின் கரைசலில் நனைத்து, இடுக்கியால் எடுத்துத் தட்டின்மேல் வைக்க வேண்டும். மறுநாள் வந்து பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து மங்கலாக இருக்கும். நம் பொடிக்குச் சக்தி இருந்தால் அந்தத் தாள்துண்டைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

முறைப்படி ஒவ்வொரு தட்டிலும் வெற்றுத் தாள்துண்டு ஒன்றும் வைக்க வேண்டும். பொடி எதுவும் சேராத, வெறும் கரைப்பானில் நனைத்த துண்டு. அதைச் சுற்றி வட்டம் விழவில்லை என்றால்தான் மற்ற வட்டங்களுக்கு மதிப்பு. எங்கள் கல்லூரியில் அகருக்கு எப்போதும் தட்டுப்பாடு. தட்டில் இடத்தை வீணாக்க வேண்டாம் என்று சார் எல்லா ஜோடிக்கும் பொதுவாக ஒரே ஒரு வெற்றுத் தட்டை அவர் கையாலேயே போட்டு வைத்துவிடுவார். பதினெட்டுப் பேரும் அதையே எட்டிப் பார்த்துவிட்டு, 'வட்டம் இல்லை' என்று நோட்டில் எழுதிக்கொள்வோம்.

சார் இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஜோடியில் இருவரும் தனித்தனியாகச் சோதனை செய்ய வேண்டும், பிறகு ஒப்பிட வேண்டும். தாவரவியல்காரர்களிடம் இரவல் வாங்கிய அறையில் எனக்குச் செவ்வாய், முத்துக்குமாருக்கு வியாழன்.

முதல் செவ்வாய்க்கிழமையே ஒரு கூத்து நடந்தது. தாளை எடுக்கும் இடுக்கியை ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட்டில் முக்கி, விளக்கில் காட்டி எரியவிட்டு, ஆறிய பிறகு தாளைத் தொட வேண்டும். நான் அவசரத்தில் எரிகிற இடுக்கியை ஸ்பிரிட் பீக்கருக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டேன். குப்பென்று நீலமாகப் பற்றிக்கொண்டது. யாரோ ஈரத்துணியைப் போட்டு அணைத்தார்கள். என் துப்பட்டாவின் முனை கருகிவிட்டது. வெளியில் சிரித்துச் சமாளித்தேன், ஆனால் அன்றிலிருந்து அந்த நெருப்பென்றாலே எனக்குப் பயம்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பெயர் பட்டு. ஊரில் பார்த்த மடி ஆசாரத்தையெல்லாம் கல்கத்தாவில் டெட்டாலாக மாற்றிக்கொண்டவள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் டெட்டால், முடிவெட்டி வந்தால் டெட்டால், மீன் மார்க்கெட் வழியாக நடந்து வந்தால்கூட வாசலிலேயே டெட்டால் தண்ணீர்க் கிண்ணம் நீட்டப்படும். நான் கிருமியோடு வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் ஒரு குட்டிப் பாட்டிலை என் பையில் திணித்துவிட்டாள். "கண்ட சீழையும் சளியையும் தொடறயேடி. தொட்டதையெல்லாம் இதுல அலம்பிட்டு அப்பறமா ஆத்துக்கு வா" என்றாள்.

நான் அம்மா பேச்சைக் கேட்டேன். நெருப்புக்குப் பயந்து, இடுக்கியை டெட்டாலில் முக்கி உதறிவிட்டுத் தாளை எடுத்தேன். சுத்தம் சுத்தம்தானே என்று நினைத்தேன். வேதியியல் படித்த எனக்கு அந்த உதறலில் போகாமல் ஒட்டியிருக்கும் ஈரம் தாளுக்குள் இறங்கும் என்று அப்போது தோன்றவில்லை. வீட்டில் இதைத்தானே தினமும் செய்கிறோம். அறை முழுக்க ஃபினாயில் நெடி எப்போதும் இருந்ததால் வாசனையை யாரும் கவனிக்கவும் இல்லை.

புதன்கிழமை வந்து தட்டைத் திறந்தேன். ஆறு தாளையும் சுற்றி ஆறு வட்டங்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. பதினாறு மில்லிமீட்டர், பதினேழு, பதினெட்டு. சான்யால் சார் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தோமார் ஹாத் பாலோ" என்றார். உனக்கு நல்ல கை என்று அர்த்தம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை முத்துக்குமாரின் தட்டைத் திறந்தோம். ஒன்றும் இல்லை. ஆறு தாளும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன, அவற்றின் விளிம்பு வரை கிருமி தாராளமாக வளர்ந்திருந்தது.

"கரைசல சரியா கலக்கினயா?" என்று கேட்டேன்.

"கலக்கினேனே."

"தாள் நனைஞ்சுதா?"

"நனைஞ்சுது சஹானா. ரெண்டு தடவ பாத்தேன்."

"அப்ப ஏன் வரல? எனக்கு மட்டும் வானத்துலேருந்து வந்துதா?"

அவன் குப்பிகளைத் திரும்ப அடுக்கிவைத்தான். அடுத்த வியாழக்கிழமை மறுபடி செய்தான். ஒன்றும் வரவில்லை. நான் மறுபடி செய்தேன், வந்தது. மூன்றாவது தடவை அவனுக்கு வரவில்லை. என் கோபம் தலைக்கேறியது. இருவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் புராஜெக்டில் என் மதிப்பெண்ணும் குறையும். எல்லார் முன்னாலும், "உனக்குக் கையா இல்ல மண்வெட்டியா?" என்று கேட்டேன். வங்காளத்தில் கேட்டேன், எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று. இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்கப்புறம் அவன் என்னிடம் தனியாக வந்து ஒன்று கேட்டான். "நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்து செய்யலாமா? நீங்க செய்யறத நான் பாக்கறேன். எங்க தப்பு பண்றேன்னு தெரியும்."

செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்மேல சந்தேகமா உனக்கு?" என்றேன். அவன் பதறிப்போய், "சீச்சீ, அப்படி இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். நான்காவது தடவையும் தனியாகவே செய்தான். அந்த வெள்ளிக்கிழமை தட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். சாரிடம் போய், "எனக்கு வரல சார்" என்று அவனே சொல்லிவிட்டான்.

சார் மோசமானவர் அல்ல. அவருக்கு இரண்டு மாதத்தில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படிக்க வேண்டியிருந்தது. ஆறு சேர்மம், ஆறு வட்டம் என்பது அவருக்கும் தித்தித்தது. ஆறும் வேறு வேறு பொடி, ஆறுக்கும் எப்படி ஏறக்குறைய ஒரே அளவு வட்டம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பரிந்துரை எனக்கு என்றார். கடிதம் அடுத்த வாரம் போகும், அதற்குள் கட்டுரைக்குப் புகைப்படம் எடுக்க நானே என் கையால் ஒரு வெற்றுத் தட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்.

போட்டேன். வழக்கம்போல டெட்டாலில் இடுக்கியை முக்கி, உதறி, பொடி எதுவும் சேராத நான்கு வெற்றுத் தாள்களை எடுத்து வைத்தேன். மறுநாள் சனிக்கிழமை. அறையில் யாரும் இல்லை. தட்டைத் திறந்தேன்.

நான்கு வெற்றுத் தாள்களைச் சுற்றியும் வட்டம். பதினாறு, பதினேழு.

தட்டை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று மேலே எழுதியிருந்ததைப் பார்த்தேன், என் தட்டுதான். பிறகு என் கை தானாகப் பையைத் திறந்து அந்தக் குட்டிப் பாட்டிலை எடுத்தது. மூடியைத் திறக்கும்போதே எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் பொடிக்கு ஒரு சக்தியும் இல்லை. கிருமியைக் கொன்றது அம்மா கொடுத்த டெட்டால். முத்துக்குமார் நான்கு தடவையும் சரியாகச் செய்திருக்கிறான். வகுப்பிலேயே கை சுத்தமான ஆள் அவன்தான்.

திங்கட்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை. சார் வீடு அங்கேயே இரண்டு தெரு தள்ளி. போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் சிரித்திருப்பார்கள், 'டெட்டால் சஹானா' என்று கொஞ்ச நாள் பெயர் ஒட்டியிருக்கும், அதற்குமேல் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் 'உனக்குக் கையா இல்ல மண்வெட்டியா' என்று கேட்ட வாயோடு போய், என் கைதான் மண்வெட்டி என்று சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அந்தத் தட்டைக் கழிவு வாளியில், லைசால் தண்ணீருக்குள் அமுக்கினேன். அது குமிழிவிட்டு அடியில் போய் உட்காரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். இடுக்கியை முறைப்படி எரித்து, ஆறவிட்டு, புதிதாக ஒரு வெற்றுத் தட்டுப் போட்டேன். திங்கட்கிழமை அதில் வட்டம் எதுவும் இல்லை. அதைத்தான் சாரிடம் கொடுத்தேன். சார் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தெரியாமல் செய்தது தப்பு. அந்தச் சனிக்கிழமை தெரிந்தே செய்தது வேறு.

இதோடு நின்றிருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். புதன்கிழமை மாணிக்கம் கல்லூரிக்கு வந்தார். டியூட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறார், காக்கிச் சட்டையில் கிரீஸ் கறை. முத்துக்குமாருக்கு அவர் வருவது தெரியாது, அன்று அவன் வரவும் இல்லை. நான் சார் அறையில் கட்டுரைக்கு அட்டவணை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தனக்குத் தெரிந்த வங்காளத்தில், தன் பையன் எங்கே தப்பு செய்தான், இன்னொரு தடவை வாய்ப்புக் கிடைக்குமா என்று கேட்டார். சார் எழுந்து நின்று, அவரை உட்காரச் சொல்லி, மரியாதையாகத்தான் பேசினார். பையன் நல்லவன், உழைப்பாளி, ஆனால் சோதனைக்கூடத்துக்கு ஏற்ற கை இல்லை, நான்கு முறை வாய்ப்புக் கொடுத்தாயிற்று என்றார்.

மாணிக்கம் என் பக்கம் திரும்பினார். நான் தமிழ்ப் பெண் என்று முத்துக்குமார் வீட்டில் சொல்லியிருப்பான் போலிருக்கிறது.

"ஏம்மா, நீதான சஹானா? கூடவே வேல செஞ்ச பொண்ணு நீ. இவரு பெரிய மனுஷன், என் மனசு நோகக் கூடாதுன்னு ஏதோ சொல்றாரு. நீ உள்ளத சொல்லு. எம்புள்ளைக்கு நெசமாவே கை சரியில்லையா?"

சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் புரியாது. நான் என்ன சொன்னாலும் அந்த அறையில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் என் எதிரில் நின்ற அந்த மனிதர். உண்மையைச் சொல்ல அதைவிட எளிதான இடம் யாருக்கும் வாய்க்காது.

"ஆமாம் அங்கிள்," என்றேன். "அவனுக்கு இது சரிப்படல."

அவர் இரண்டு மூன்று தடவை தலையை ஆட்டினார். "நம்ம பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். சாருக்குக் கும்பிடு போட்டார். எனக்கும் போட்டார். நான் உட்கார்ந்தபடியே அதை வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் எல்லாம் எனக்கு நன்றாகவே நடந்தது. ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தேன். அங்கே நெருப்பில் காட்டிய இடுக்கியோடு அந்த ஆறு பொடிகளையும் மறுபடி சோதித்தபோது ஒரு வட்டமும் வரவில்லை. பொடி பழசாகிக் கெட்டிருக்கும் என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். யாரும் என்னைக் குடையவில்லை. ஒன்பதாவது மாதம் கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விட்டேன். முத்துக்குமாரிடமிருந்து நான் பறித்த இடத்தை நான் உட்கார்ந்து சூடாக்கக்கூட இல்லை. கணவர் அனந்துக்கு சால்ட் லேக் செக்டார் ஃபைவில் கணினி நிறுவனத்தில் வேலை. கொஞ்ச நாளில் நானும் அப்படி ஒன்றில் நுழைந்து, சோதனைக்கூடத்தின் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. முத்துக்குமார் இரண்டாம் வகுப்பில் தேறினான் என்று கேள்விப்பட்டேன். 2003இல் மாணிக்கம் பணி ஓய்வுக்கு முன்பே நோயில் இறந்துபோனார் என்றும், கருணை அடிப்படையில் அவனுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தது என்றும் யாரோ சொன்னார்கள். ஒரு கடிதம் எழுத நினைத்தேன். நினைத்ததோடு சரி.

2007இல் சான்யால் சாரின் பணி ஓய்வு விழாவுக்குப் பழைய மாணவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சார் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பேச்சுவாக்கில், "உன் பார்ட்னர் எங்கே? நல்ல பையன், பாவம். கைதான் அவனுக்கு வரவில்லை. உன் கையை மட்டும் அவனுக்குக் கடன் கொடுத்திருந்தால்..." என்று சொல்லிச் சிரித்தார். தட்டில் இருந்த இனிப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சாந்த்ராகாச்சிக்குக் கிளம்பினேன். எங்கே என்று அனந்த் கேட்டார். "ஒரு பழைய விஷயம்" என்றேன்.

குவார்ட்டர்ஸைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கதவைத் திறந்தது அவன் அம்மா நீலாவதி. நான் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீயா கண்ணு? உள்ள வா, உள்ள வா. முத்து, யாரு வந்திருக்காங்க பாரு!" என்று சத்தம் போட்டார். முத்துக்குமார் லுங்கியும் பனியனுமாக வந்து, என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. "உக்காருங்க" என்றான். இன்னமும் 'நீங்க'தான். நீலாவதி டீ போடப் போனார்.

நான் டீ வரும்வரை காத்திருக்கவில்லை. காத்திருந்தால் மறுபடி வாய் மூடிக்கொள்ளும் என்று பயம். நெருப்புக்குப் பயந்தது, டெட்டால், வெற்றுத் தட்டு, லைசால் வாளி, அவன் அப்பா வந்த நாள் என்று ஒன்றுவிடாமல் கொட்டினேன். வெளியே யார்டில் ரயில் பெட்டிகள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அப்ப நான் போட்டது சரியா?" என்றான்.

"சரி."

"நாலு தடவையுமா?"

"நாலு தடவையும்."

அவன் தன் கைகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "நாலாவது தடவ நான் மூச்சக்கூட அடக்கிக்கிட்டுத்தான் போட்டேன்" என்றான். "அப்பவும் வரல. அன்னிக்கோட எனக்கு என்மேலயே நம்பிக்க போயிடுச்சு. இப்ப ஆபீஸ்ல ஒரு லெட்டர் அடிச்சா நாலு தடவ சரிபாக்கறேன். கவர ஒட்டினப்புறம் மறுபடி பிரிச்சுப் பாக்கறேன். பக்கத்துல இருக்கறவரு சிரிக்கறாரு. எனக்கே தெரியுது, ஆனா விட முடியல." சொல்லிவிட்டு, ரொம்ப மெதுவாக, "சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றான். அது எனக்குச் சொன்னது இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை என் காதிலேயே அசட்டுத்தனமாக விழுந்தது. அவன் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"அம்மா, இங்க வா. இவங்க ஒண்ணு சொல்றாங்க, கேளு." பிறகு என்னிடம், "அம்மாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்றான்.

நீலாவதி டீ தம்ளர்களோடு வந்து, அவற்றை ஸ்டூலில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி எதிரே தரையில் உட்கார்ந்தார். அகர், கிருமி, வட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கிச் சொன்னேன். "அம்மா, அன்னிக்கி காலேஜ்ல உங்க பையன் செஞ்சதுதான் சரி. நான் செஞ்சதுதான் தப்பு. அது எனக்குத் தெரிஞ்சும் சொல்லல."

அவர் புரிந்துகொள்ள முயன்றார். "அப்ப இவங்கப்பா வந்து கேட்டாரே, அன்னிக்கு?"

"அப்பவே எனக்குத் தெரியும்மா."

அவர் திட்டவில்லை. தம்ளரை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு அந்த மனுஷன் சோறு திங்கல. 'நம்ம பொண்ணே சொல்லிடுச்சுடி, அது எதுக்குப் பொய் சொல்லப் போவுது'ன்னாரு. இவன பட்டறை வேலைக்கு அனுப்பாம, ரயில்வே பரீட்ச எழுதவிடாம, 'நீ சயின்சு படி, நீ சயின்சு படி'ன்னு தள்ளினது அவருதான். கடைசியில ஆஸ்பத்திரியில கெடக்கறப்பகூட இவன் கையப் புடிச்சுக்கிட்டு, 'உனக்கு வராத படிப்புல தள்ளி உன்னக் கெடுத்துட்டேன்டா, என்ன மன்னிச்சிடு'ன்னு அழுதாரு."

முத்துக்குமார் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

நீலாவதி என் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் தேடினேன், இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"இனிமே இத அவருகிட்ட யாரு கண்ணு போய்ச் சொல்றது?"